பாறைத் திட்டில் கிடந்த வலையை எடுக்கத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் எங்கள் சிறு குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். பாறைத் திட்டில் நெடுநாளாகச் சிக்கிக் கிடந்த செவுள் வலையொன்று (மீனின் செவுள் கண்ணியில் மாட்டும்படி முடைந்த வலை) சென்ற வாரம் கரைக்கு வந்து சேர்ந்தது. அதற்குத் துணைநின்றவர்களில் பலர் வேலை முடிந்த கையோடு புறப்பட்டுப் போய்விட்டதால், நேரில் சொல்ல முடியாத நன்றியை இங்கே சொல்கிறேன்.

அந்தத் திட்டில் தூண்டில் போட்டால் ஒரே இடத்தில் முள் மாட்டுவதும் தங்கூசி என்னும் தூண்டில் இழை அறுவதும் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. பாறைதான் காரணம் என்று நினைத்திருந்தோம். ஒரு நாள் மெல்ல இழுத்தபோது முள்ளோடு வலையின் ஒரு முழக் கண்ணி மேலே வந்தது. அதில் பாதி அழுகிய மீனொன்றும், அதைத் தின்ன வந்து மாட்டிக்கொண்ட நண்டொன்றும் இருந்தன. நண்டு உயிரோடு இருந்தது. அதைக் கண்டதும், போட்டவர்கள் மீது எனக்கு வந்த கோபத்தில், படகில் கயிறு கட்டி அப்போதே இழுத்துவிடலாம் என்று சொன்னவன் நான்தான்.

எங்கள் கையைப் பிடித்துத் தடுத்தவர், பக்கத்தில் படகை நிறுத்தியிருந்த மூத்த மீனவர் ஒருவர். ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. வலையின் அடிக்கயிறு பாறை இடுக்கில் மாட்டியிருக்கும்போது படகைக் கொண்டு இழுத்தால், கயிறு அறுந்து ஆள்மேல் அடிக்கும், இல்லையேல் படகே கவிழும் என்று நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். இழுபட்ட வலை பாறையில் வளர்ந்த உயிர்களையெல்லாம் வழித்துக்கொண்டு வரும் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. வலையைத் தொலைத்தவருக்கு அது எத்தனை பெரிய இழப்பு என்றும், புயலிலோ பெரிய கப்பல் குறுக்கே போனதாலோ அறுந்துபோன வலையைத் தேடி நாட்கணக்கில் அலைந்திருக்கக்கூடும் என்றும் நீங்கள் சொன்ன பிறகு, என் கோபம் இடம் தெரியாமல் போயிற்று.

வலை எப்படித் தானாகவே மீன் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நீங்கள் சொன்னதை, கேட்டபடியே எழுதுகிறேன். மேல்கயிற்றில் மிதவையும் அடிக்கயிற்றில் ஈயமும் இருப்பதால் செவுள் வலை நீரில் சுவர்போல் நிற்கிறது. மீன் சேரச் சேரக் கனம் தாங்காமல் தாழ்கிறது. செத்த மீனைத் தின்ன நண்டும் பிற மீன்களும் வந்து தாமும் மாட்டுகின்றன. எல்லாம் அழுகித் தீர்ந்ததும் பாரம் குறைந்து வலை மறுபடி நிமிர்கிறது. உழவன் இல்லாமலே உழுகிற ஏர் போல, ஆளில்லாமலே இந்த வேட்டை நடக்கிறது. பருத்தியிலும் சணலிலும் வலை முடைந்த காலத்தில் தொலைந்த வலை நீரில் மக்கிப்போகும். 1935-இல் உருவாக்கப்பட்ட நைலான், வலைத்தொழிலுக்குள் வந்த பிறகு அந்த முடிவு இல்லாமல் போனது. மீன்வளத்துறை அதிகாரி ஒருவரும் பின்னர் இதையே சொன்னார்.

அந்த அதிகாரிக்கும் எங்கள் நன்றி உரியது. பிறருடைய வலையையோ மீன்பிடிக் கூட்டையோ அனுமதியின்றித் தொடுவது, அது கைவிடப்பட்டதுபோல் தோன்றினாலும், பல நாடுகளில் குற்றம் என்பதை அவர் எடுத்துச் சொன்னார். இடத்தைக் குறித்து, மிதவையின் நிறத்தையும் அதிலுள்ள குறியையும் படமெடுத்துத் தெரிவிப்பதுதான் எங்களைப் போன்றவர்கள் முதலில் செய்ய வேண்டியது. மீன்பிடிச் சாதனங்களில் உரிமையாளரை அறியும் குறி இருக்க வேண்டும் என்று ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2018-இல் தன்விருப்ப வழிகாட்டுதல்களை ஏற்றதும் இதற்காகத்தான். நாங்கள் கண்ட வலையின் மிதவைகளில் இருந்த குறி தேய்ந்துபோயிருந்தும், அவர் விசாரித்துப் பார்த்த பிறகே எடுக்க அனுமதி தந்தார்.

முக்குளித்த நால்வருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டிரண்டு பேராக இறங்கி, ஒருவர் வெட்டும்போது மற்றவர் அவருடைய காற்றுக்கலனிலோ கால்துடுப்பிலோ கண்ணி சுற்றாமல் பார்த்துக்கொண்டார். பாசியும் சிப்பியும் படர்ந்து பாறையோடு ஒன்றிவிட்ட பகுதியை அவர்கள் பிய்க்கவில்லை. அதைச் சுற்றி வெட்டி, ஆடிக்கொண்டிருந்த பகுதியை மட்டும் விடுவித்தார்கள். பிறகு காற்றுப்பைகளைக் கட்டி மேலே அனுப்பினார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் பையில் நிரப்பிய காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வெளியேற வழி இல்லையென்றால் பை சுமையோடு சீறிக்கொண்டு எழும். அந்த வேகத்தை அளந்து அளந்து குறைத்ததைப் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. வலையோடு மேலே வந்த உயிருள்ள நண்டுகளைப் படகில் இருந்த பெண்மணி ஒருவர், கால் ஒடியாமல், கண்ணியை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து நீரில் விட்டார். ஒரு நண்டுக்கு மட்டும் கால் மணி நேரம் ஆனது. அவர் அவசரப்படவே இல்லை.

கரையில் வலையைப் பிரித்துக் கொடுத்த வலை பின்னும் அம்மாக்களுக்கும் நன்றி. ஈயம் தனியே, மிதவை தனியே, கயிறு தனியே என்று அவர்கள் கை போன வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஈயமும் அழுக்கும் நீக்கிய பிறகே நைலானை மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதால் அந்த வேலைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அவர்கள் பிரித்தெடுத்துத் தட்டில் போட்டவற்றுள் எங்கள் தூண்டில் முட்களும், ஈயக் குண்டுகளும், அறுந்த தங்கூசிச் சுருள்களும் ஒரு கைப்பிடிக்கு மேல் இருந்தன. அதில் என்னுடைய முள்ளை நானே அடையாளம் கண்டேன். அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்கள்தான் தலைகுனிந்து எடுத்துக்கொண்டோம். அன்றுமுதல் அறுந்த தங்கூசியைச் சுருட்டிப் போட ஒவ்வொருவர் பையிலும் ஒரு டப்பா இருக்கிறது.

படகுக்கு எரிபொருள் ஊற்றியவர்களுக்கும், நாள் முழுதும் கரையில் காத்திருந்த குடும்பத்தினருக்கும் எங்கள் வணக்கம்.

பாறையோடு ஒன்றிய பகுதி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அலை குறைந்த பிறகு முக்குளிப்பவர்கள் மறுபடி இறங்கிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மிதவைகளைக் கழுவி, மீன்வளத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறோம். வலைக்கு உரியவர் இதைப் படித்தால் தயங்காமல் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
தூண்டில் நண்பர்கள் குழுவின் சார்பில் ஓர் உறுப்பினர்