இளையோர் கல்விக் குழு: 5785ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், அறங்காவலர்களுக்கும், ஜெபம் நடத்தும் ஹஸான் அவர்களுக்கும், இன்று வந்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் ஷாலோம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போகும். திறந்து பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

2024 அக்டோபரில் தொடங்கி இந்தச் செப்டம்பரில் முடியும் 5785ஆம் யூத ஆண்டில், நம் பெனே இஸ்ரேல் யூத ஜெப ஆலயப் பட்டியலில் 13 முதல் 18 வயது வரை 19 பிள்ளைகள் இருந்தார்கள். ஞாயிறு வகுப்புக்கு வழக்கமாக வந்தவர்கள் ஏழு பேர். சமோசா உண்டு என்று முதல் நாளே அறிவித்த வாரங்களில் பன்னிரண்டு.

தோரா வாசிப்பு ஒரு சுற்று முடியும் சிம்ஹாத் தோராவில் பிள்ளைகள் வேதமாகிய தோராச் சுருளைச் சுற்றி ஆடினார்கள். விளக்குத் திருநாளான ஹனுக்காவின் முதல் விளக்கு இம்முறை டிசம்பர் 25 மாலையில் வந்தது. பிப்ரவரி 13, மரங்களின் புத்தாண்டான து பிஷ்வாத் அன்று மலீதா என்னும் நன்றிப் படையல் நடந்தது. அவலில் தேங்காயும் சர்க்கரையும் கலந்ததும் பழம் நறுக்கியதும் பிள்ளைகள்தான். எலியா தீர்க்கதரிசியைப் போற்றும் எலியாஹு ஹநாவி பாட்டைப் பெரியவர்களைவிட அவர்களே நன்றாகப் பாடினார்கள். எவர்சில்வர் தாம்பாளம் இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை.

எஸ்தர் கதையைக் கொண்டாடும் பூரிமைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன். இந்த ஆண்டு பூரிமும் ஹோலியும் ஒரே நாளில், மார்ச் 14 அன்று வந்தன. அதனால் முந்திய இரவு உள்ளே எஸ்தர் சுருள் வாசிக்க, வெளியே தெருமுனையில் ஹோலிகா தகனம். யூதர்களை அழிக்க நினைத்த ஆமானின் பெயர் வரும்போது நம் பிள்ளைகள் போட்ட சத்தம் போதாது என்று வெளியே இருந்த மேளக்காரர்களும் கைகொடுத்தார்கள். மறுநாள் பச்சையும் ரோஜா நிறமுமாக வந்து நின்றவர்களில் யார் பூரிம் வேஷம், யார் ஹோலி ஆடியவர் என்று கடைசிவரை தெரியவில்லை. தேர்வு நேரம் என்பதால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரவில்லை. அது நியாயம்.

நியாயம் இல்லாததை இனிச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, மனைவியின் நினைவு நாளுக்குக் கதீஷ் என்னும் ஜெபம் சொல்ல ஒரு பெரியவர் வந்திருந்தார். மழையில் இரண்டு ரயில் மாறி முந்திய மாலையே வந்து, உறவினர் வீட்டில் தங்கி, காலையில் நடந்து வந்தவர். ஆலயத்தில் ஒன்பது ஆண்கள் இருந்தோம். பத்தாவது ஆள் இல்லாமல் மினியான் என்னும் ஜெபக் குழு இல்லை, மினியான் இல்லாமல் தோராவை வெளியே எடுக்க முடியாது, கதீஷும் சொல்ல முடியாது. ஓய்வு நாளான ஷப்பாத்தில் போன் அடிப்பதும் இல்லை. எனவே ஆலயப் பணியாளரான ஷமாஷ் குடையோடு போய் மூன்று வீட்டுக் கதவைத் தட்டினார். மூன்று வீட்டிலும் 13 வயது தாண்டி மினியானில் சேரத்தக்க பையன் உண்டு. மூன்று பேருமே கோச்சிங் வகுப்புக்குப் போயிருந்தார்கள். அதில் ஒருவனுக்கு மே மாதம்தான் 13 வயதுச் சடங்கான பார் மிட்ஸ்வா ஆயிற்று. மண்டபம் பிடித்து, இருநூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, அவன் வரியைச் சுட்டும் யாத் கோலை விரலால் பிடித்து அழகாக வாசித்ததை எல்லோரும் வீடியோ எடுத்தோம். அதன் பிறகு அவனை நான் ஆலயத்தில் பார்த்ததே இல்லை. பெரியவர் பதினொன்றரை மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, 'பரவாயில்லை' என்று சொல்லிப் போனார்.

நம் முன்னோர்களுக்குக் கொங்கணத்தில் 'சனிவார் தேலி' என்று பெயர். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓட்டாத எண்ணெய்க்காரர்கள் என்று பொருள். எபிரேயம் மறந்துபோய், வேதப் புத்தகம் கையில் இல்லாமல், தாங்கள் யார் என்பதே அரைகுறையாக நினைவிருந்த காலத்திலும் அந்த ஒரு நாள் செக்கு நின்றது. இன்று அச்சடித்த புத்தகம் இருக்கிறது, செல்போனில் ஆப் இருக்கிறது, செக்கு மட்டும் நிற்கவில்லை. 15 வயதில் யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத் படிக்க வேண்டும் என்று முன்னோர் வாக்குகளான பிர்கே அவோத் சொல்கிறது. நம் வீடுகளில் 15 வயது என்றால் பத்தாம் வகுப்பு, அவ்வளவுதான்.

சரி, புலம்பியது போதும். ஆண்டின் முக்கியமான வேலைக்கு வருகிறேன். செயற்குழுவில் இதைப் பற்றிச் சில கேள்விகள் எழுந்ததால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நம் பழைய இடுகாட்டில் உள்ள கல்வெட்டுகளைப் பிள்ளைகளைக் கொண்டு படித்து நோட்டில் பதிவு செய்வது என்று ஜனவரியில் தொடங்கினோம். 'வயசுப் பிள்ளைகளை இடுகாட்டுக்குக் கூட்டிப்போகலாமா' என்று கேட்டார்கள். ஞாயிறு காலையில்தான் போனோம், பெற்றோர் கையெழுத்து வாங்கித்தான் போனோம், வெளியே வரும்போது கை கழுவித்தான் வந்தோம். வகுப்பறையில் ஆலெஃப், பேத் என்று எழுதிப்போட்டால் கொட்டாவி விடும் அதே பிள்ளைகள், கல்லைப் பார்த்ததும் மண்டியிட்டு உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். இதைவிடப் பெரிய விளக்கம் என்னிடம் இல்லை.

ஒரு கல்லைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மேலே எபிரேயம், கீழே மராத்தி, அதில் பாதி மண்ணுக்குள். எபிரேயத்தில் எழுத்துகளே எண்களும். ஆண்டைக் குறிக்கும் எழுத்துகள் தாவ், ரேஷ், ஸாமெக். அதாவது 400, 200, 60. நான்காவது எழுத்து ஹே என்றால் 5, ஹேத் என்றால் 8. இடது கால் மேல்கோட்டைத் தொட்டால் ஹேத், தொடாமல் நின்றால் ஹே. அந்த இடத்தில்தான் பாசி. ஹே என்றான் ஒருவன், நானும் ஹே என்றேன். 14 வயதுப் பெண் ஒருத்தி மட்டும் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கல்லில் ஊற்றி, செல்போன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, 'இல்லை அங்கிள், தொடுது' என்றாள். ஹேத் என்றால் 668. கல்லில் எழுதாத ஐயாயிரத்தைக் கூட்டி, ஆங்கில ஆண்டாக்க 3760ஐக் கழித்தால் 1908. பிறகு கையாலேயே ஒரு சாண் மண்ணை விலக்கினோம். மராத்தியில் 1908 என்று இருந்தது. என் கணக்கு மூன்று வருஷம் பிசகு.

அந்தப் பெண்தான் இன்று நம் பிள்ளைகளில் நன்றாக எபிரேயம் படிப்பவள். அவளைப் பத்தாவது ஆளாக எண்ண நம் ஆலய வழக்கம் இடம் தராது. அதில் நான் கருத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் மேல்மாடியில் உட்கார்ந்து அவள் திருத்திச் சொல்வது கீழே பலருக்கும் கேட்கிறது.

இதுவரை 64 கற்கள் முடிந்திருக்கின்றன. பெயர்களைப் படிக்கப் படிக்கப் பிள்ளைகளுக்குக் கொங்கண வரைபடமே மனப்பாடம் ஆயிற்று. பேண் ஊர்க்காரர் பேண்கர், கெஹீம் ஊர்க்காரர் கெஹீம்கர், ரோஹா என்றால் ரோஹேகர். ஊரைப் பார்க்க வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். அதனால்தான் பிப்ரவரியில் அலிபாக் பக்கம் நவ்காவ் பயணம். கப்பல் உடைந்து நம் முன்னோர்களில் ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரை சேர்ந்ததாகச் சொல்லப்படும் இடம். அங்கே நினைவுத்தூண் அருகில் பிள்ளைகள் அரை மணி நேரம் போனை எடுக்காமல் நின்றார்கள். பஸ் கட்டணம் திட்டமிட்டதைவிட அதிகமானது உண்மை. வரும் வழியில் பஸ் பழுதானது என் குற்றமல்ல. கூடுதல் தொகையை இப்போதைக்கு என் கையிலிருந்து கொடுத்திருக்கிறேன். திருப்பிக் கேட்பதற்காக அல்ல, பதிவுக்காகச் சொல்கிறேன்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவைவிடச் செலவு சற்று அதிகம். சில ரசீதுகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். பட்டியலில் உள்ள குடும்பங்களில் பாதிக்கும் குறைவானவையே இளையோர் கல்விச் சந்தா கட்டியிருக்கின்றன. பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். இந்த ஆண்டுக்கு.

இன்னொன்று. 2016இல் மகாராஷ்டிர அரசு யூதர்களைச் சிறுபான்மையினராக அறிவித்த பிறகு, ஜூன் மாதக் கல்லூரிச் சேர்க்கைக்கு ஆலயக் கடிதம் கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நல்லது, கொடுக்கத்தான் செய்கிறோம். ஆனால் 'இன்ன பிள்ளை நம் ஆலயத்தைச் சேர்ந்தவர்' என்று நான் கையெழுத்துப் போடும்போது, அந்தப் பிள்ளையின் முகம் எனக்குத் தெரிந்திருந்தால் கை கொஞ்சம் வேகமாக ஓடும்.

ஹஸான் அவர்களுக்கும், மழையில் நடந்த ஷமாஷுக்கும், சமோசாவுக்குப் பணம் தந்து பெயர் சொல்ல வேண்டாம் என்ற அம்மையாருக்கும், இடுகாட்டுக் காவலாளிக்கும், மகளிர் அணிக்கும், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நம் பட்டியலில் 19 பேர் இருக்கமாட்டார்கள். ஒரு குடும்பம் இஸ்ரேல் போகிறது, 18 வயதான இருவர் தனியாகவே கிளம்புகிறார்கள். போகட்டும், சந்தோஷம்தான். அதில் ஒருவன் நோட்டில் எழுதிய கையெழுத்துதான் எல்லோருக்கும் புரியும்படி இருந்தது. மீதி 16 பேரில் பையன்கள் ஒன்பது. ஒவ்வொருவரும் இரண்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை வந்தால் போதும் என்று ஒரு அட்டவணை போட்டிருக்கிறேன். கோச்சிங் நேரங்களையும் விசாரித்துத்தான் போட்டேன். பெரியவருக்கு அடுத்த நினைவு நாள் எந்தச் சனிக்கிழமையை ஒட்டி வருகிறது என்பதையும் அதில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

எனக்கும் வயதாகிறது, கண்ணும் முன்போல இல்லை. ஹேயையும் ஹேத்தையும் குழப்பியதை மேலே நானே ஒப்புக்கொண்டேன். இந்தப் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் அலமாரிச் சாவியை இன்றே தரத் தயார். மூன்று ஆண்டுகளாக இதைச் சொல்லிவருகிறேன், சாவி இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

சுக்கோத் பண்டிகையும் தீபாவளிக் கூட்டமும் முடிந்த பிறகு, அக்டோபர் 26 ஞாயிறு காலை ஏழரை மணிக்கு இடுகாட்டில் மறுபடி தொடங்குகிறோம். மழையில் தெற்குச் சுவர் ஓரம் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது, எனவே முழுக்கால் சட்டை போட்டு வரவும். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு மென்மையான பிரஷ். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். பெற்றோரும் வரலாம். சந்தாப் புத்தகம் என்னிடம் இருக்கும்.

பணிவுடன்,
கௌரவச் செயலாளர்