கெட்டது எது என்று எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில் புதுக் கார்களின் பெரிய தொடுதிரைகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. பாட்டு, வரைபடம், போன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் ஒரே திரைக்குள் வந்துவிட்டதை நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். அந்தத் திரை கெட்டுப்போனால் என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. நான் மூன்று மாதமாக அதற்குத்தான் அலைந்தேன். அதனால் எழுதுகிறேன்.

என் கார் வாங்கி எட்டு ஆண்டு ஆகிறது. உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. முதலில், ஸ்டார்ட் செய்ததும் திரை இரண்டு மூன்று தடவை அணைந்து அணைந்து எரிந்தது. பிறகு, வெயிலில் நிறுத்திவிட்டு மத்தியானம் ஏறினால், யாரோ விரலால் தட்டுவதுபோல் திரை தானாகவே வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு நாள் நான் தொடாமலே என் பழைய மேலாளருக்குப் போன் போய்விட்டது. கடைசியாக, கோலாலம்பூரில் மகள் வீட்டுக்குப் போவதற்காக பினாங்கு சென்ட்ரலில் காரை விட்டுவிட்டு ரயிலேறினேன். மூன்றாம் நாள் வந்து பார்த்தால் பேட்டரியில் உயிரே இல்லை.

சர்வீஸ் சென்டரில் மடிக்கணினியைச் சொருகி இருபது நிமிடம் பார்த்தார்கள். கையில் ஒரு தாள் வந்தது: ஹெட் யூனிட் (திரையும் அதற்குள் இருக்கும் கணினியும் சேர்ந்த பெட்டி) மாற்ற வேண்டும், 5,200 ரிங்கிட், சாமான் வர ஆறு வாரம். “அதில் எது கெட்டுப்போச்சு தம்பி?” என்று கேட்டேன். “முழு செட்டாத்தான் வரும் ஆண்ட்டி, பிரிச்சுப் பார்க்க மாட்டோம்” என்றார். மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பதிலை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 22 ஆண்டு மின்சுற்றுப் பலகை சோதிக்கும் வேலை பார்த்தவள் நான். அங்கே ஒரு பலகையைச் சிவப்புப் பெட்டியில் போடுவதென்றால் அதோடு ஒரு சீட்டு கட்ட வேண்டும். எந்த உறுப்பு, எந்தச் சோதனையில், எத்தனை வோல்ட் காட்டியது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ‘வேலை செய்யவில்லை’ என்று மொட்டையாக எழுதினால் சூப்பர்வைசர் பலகையை என் மேசைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு சின்னப் பலகைக்கே அவ்வளவு கணக்கு கேட்டார்கள். 5,200 ரிங்கிட் கொடுப்பவளுக்கு ஒரு சீட்டு கிடையாதா?

ஜெலுத்தோங்கில் கார் வயரிங் வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். முதல் அரை மணி நேரம் அவர் திரையைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார். “காலையில அணையுதா, வெயில்லயா? சத்தம் கூட்டினா அணையுதா அக்கா? ரிவர்ஸ் போட்டா?” நான் யோசித்துப் பார்த்தேன். பாட்டுச் சத்தத்தைக் கூட்டும்போது பலமுறை அணைந்திருக்கிறது. அதுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பிறகு மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தார். வண்டி ஓடாதபோது பேட்டரி 12.1 வோல்ட் காட்டியது. நன்றாக ஏறிய பேட்டரி 12.6 காட்ட வேண்டும். சாவியைத் திருப்பும் நொடியில் 8.9-க்கு இறங்கியது. இன்ஜின் அதைப் பொறுத்துக்கொண்டு கிளம்பிவிடும், திரைக்குள் இருக்கும் கணினி பொறுக்காது, அணைந்து மறுபடி தொடங்கும். காலையில் அணைந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் வேறொரு நல்ல பேட்டரியை இணைத்த பிறகும் சத்தம் கூட்டினால் திரை அணைந்தது. இங்கேதான் அந்த வயரிங்காரரின் கைத்திறன் தெரிந்தது. மீட்டரின் ஒரு முனையை ஹெட் யூனிட்டிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வயரிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்துவிட்டு என்னைச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். 0.9 வோல்ட். நல்ல எர்த்தாக இருந்தால் 0.1-க்குக் கீழே நிற்கும்.

கிளவ் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். ஒரே போல்ட்டில் இரண்டு எர்த் வயர். ஒன்று கார் வந்தபோதே இருந்தது. இன்னொன்று இரண்டு ஆண்டுக்கு முன் நான் போட்ட டேஷ்கேமுக்காக (சாலையைப் படம் பிடிக்கும் கேமரா) யாரோ சொருகியது. போல்ட் தளர்ந்து, வளையத்தைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. நம் ஊர் உப்புக்காற்றுக்கு அது நடக்கத்தான் செய்யும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினார். மீட்டர் 0.04 காட்டியது. சத்தத்தை முழுவதும் கூட்டினேன், திரை அசையவில்லை.

மூன்று நாளில் பேட்டரி செத்ததற்கும் அதே டேஷ்கேம்தான் காரணம். சாவியை எடுத்தால் நின்றுவிடும் லைனில் கொடுக்க வேண்டியதை, எப்போதும் உயிரோடு இருக்கும் லைனில் கொடுத்திருந்தார்கள். காரைப் பூட்டி ஒரு மணி நேரம் கழித்து அளந்தபோது 0.4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. உறங்கும் கார் 0.05 ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. மூன்று நாளில் 29 ஆம்பியர்-மணி போயிருக்கிறது, 45 கொள்ளளவுள்ள பழைய பேட்டரி எப்படித் தாங்கும்?

மிச்சமிருந்தது அந்தத் தானாகத் தட்டும் கோளாறு. திரையைக் கழற்றி மேசையில் வைத்து, மின்சாரம் கொடுத்து, தலைமுடி காயவைக்கும் ஹேர் ட்ரையரால் மெல்லச் சூடு காட்டினார். வலது மேல் மூலையில் யாரும் தொடாமலே பொத்தான்கள் அமுங்கின. தொடுகண்ணாடியிலிருந்து வரும் மெல்லிய ரிப்பன் வயரை மட்டும் உருவினார். தட்டுவது நின்றது, படம் தெளிவாக அப்படியே இருந்தது. “பாத்தீங்களா அக்கா, பலகை நல்லாருக்கு, படம் நல்லாருக்கு. மேல ஒட்டின கண்ணாடி மட்டும்தான் போச்சு” என்றார். கண்ணாடி 260 ரிங்கிட், கூலி 150, புது பேட்டரி 280. ஆக மொத்தம் 690 ரிங்கிட்.

எனக்குப் பணம் மிஞ்சியதைச் சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. சொன்னபடி 5,200 ரிங்கிட் கொடுத்துப் புது யூனிட் போட்டிருந்தாலும், அதுவும் அதே களிம்பேறிய எர்த்தில்தான் உட்கார்ந்திருக்கும். சத்தம் கூட்டினால் அதுவும் அணைந்திருக்கும், நான்கு நாள் நிறுத்தினால் பேட்டரி செத்திருக்கும். “ஒரு ஆண்ட்ராய்டு பிளேயரை மாட்டிடுங்க” என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களே, அதற்கும் அதே கதிதான். பழைய கார் பிரித்து விற்கும் கடையில் மலிவாக ஒன்று எடுத்தாலும், பல கார்களில் ஹெட் யூனிட் அந்தந்த வண்டியோடு பதிவு செய்யப்பட்டது. இன்னொரு வண்டியில் மாட்டினால் பூட்டிக்கொள்ளும்.

யூனிட்டே உண்மையில் சாகும் சந்தர்ப்பமும் உண்டு, மறுக்கவில்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் ஏறக்குறைய 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. திரைக்குப் பின்னால் இருந்த 8 ஜிபி நினைவகச் சிப்பில் கணினி ஓயாமல் தகவல்களை எழுதி எழுதி அது தேய்ந்துபோனது. திரை இருண்டால் ரிவர்ஸ் கேமராவும் போகும், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் பொத்தானும் போகும். அதனால்தான் அது பாதுகாப்புக் குறை என்று கருதப்பட்டது. மழைக்காலத்தில் பினாங்குப் பாலத்தில் கார் ஓட்டுபவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும். அங்கே அவர்கள் மாற்றியது எதை? அந்தச் சிப் இருந்த சிறு பலகையை மட்டும் எடுத்துவிட்டு 64 ஜிபி உள்ளதைப் போட்டார்கள். கெட்டது எது என்று தெரிந்தால் மாற்ற வேண்டியதும் அந்த அளவோடு நிற்கும்.

பழுதே இல்லாத பழுதும் உண்டு. 2022 ஜனவரியில் பல நாடுகளில் பழைய ஹோண்டா கார்களின் கடிகாரம் 2002-ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. மென்பொருளின் தேதிக் கணக்கில் வந்த பிசகு அது. ஆகஸ்டு வரை பொறுத்தால் தானாகச் சரியாகும் என்று நிறுவனம் சொன்னது. அன்று அவசரப்பட்டு யூனிட்டைக் கழற்றியிருந்தால் காசு வீண்தான். ஆகவே திரை கோளாறு செய்தால், அதே மாடல் வைத்திருக்கும் வேறு யாருக்காவது அதே நாளில் அப்படி ஆனதா என்று முதலில் விசாரியுங்கள்.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கத் தயாரிப்பாளர் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கிடைக்காது என்று வாங்கும்போதே நமக்குத் தெரிவித்திருந்தால் மட்டும் அந்தப் பிரிவு பொருந்தாது. ஆக, காரை வாங்கும்போது கையெழுத்திடும் தாள்களை ஊன்றிப் படிக்க வேண்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், சிக்கல் எழுந்த மூன்று ஆண்டுக்குள் நாமே பதியலாம். ஆனால் அங்கே போய் நிற்கக் கையில் தாள் வேண்டும். ‘யூனிட் மாற்ற வேண்டும்’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எதை வாதாடுவது?

அதனால்தான் இந்தக் கடிதம். சர்வீஸ் சென்டர்கள் விலைப்பட்டியல் கொடுக்கும் தாளிலேயே, எதைச் சோதித்தோம், என்ன அளவு காட்டியது, எந்தப் பாகம் கெட்டது என்று மூன்று வரி எழுதித் தர வேண்டும். பேட்டரி, எர்த், உறங்கும்போது இழுக்கும் மின்சாரம் ஆகிய மூன்றையும் அளக்காமல் யூனிட்டைக் குறை சொல்லக் கூடாது. இந்த மூன்றுக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். உங்கள் ஞாயிறு மலரில் இந்த மூன்று வரிக்கும் ஒரு மாதிரிப் படிவத்தைத் தமிழில் அச்சிட்டால், நம் மக்கள் வெட்டியெடுத்துக் காரிலேயே வைத்துக்கொள்வார்கள். நம்மில் பலர், குறிப்பாகத் தனியாகக் கார் எடுத்துப்போகும் பெண்கள், கேட்கத் தயங்கியே பணம் கட்டிவிடுகிறோம். தாளைக் காட்டிக் கேட்பது வாயால் கேட்பதைவிடச் சுலபம்.

கழற்றிய பழைய கண்ணாடியையும் 690 ரிங்கிட் ரசீதையும் எடுத்துக்கொண்டு அதே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். முன்பு தந்த விலைப்பட்டியலை மேசையில் வைத்து, என்னென்ன சோதித்தீர்கள் என்று இதிலேயே எழுதிக் கொடுங்கள் என்றேன். அந்தத் தம்பி தாளை வாங்கிக்கொண்டு, மேலாளரைக் கேட்டுவிட்டு அழைப்பதாகச் சொன்னார். இன்றோடு 19 நாள் ஆகிறது, இன்னும் அழைப்பு வரவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுத் தொழிலாளி ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு