பாட்டிலுக்குப் பாட்டில் ஒரே வாயு: வீட்டு பீர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, புதியவர்கள் சேர்ந்திருக்கிறார்கள், சந்தா விவரத்தைப் பொருளாளர் சொல்வார். அதனால் அவற்றை இங்கே நீட்டவில்லை. இந்த ஆண்டு உருப்படியாக என்ன செய்தோம் என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: பாட்டில்களுக்கு எண் போட ஆரம்பித்தோம்.

ருசிக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வந்த புகார் உங்களுக்கே தெரியும். ஒரே வாளியில் புளித்து, ஒரே நாளில் அடைத்த பீர், ஒரு பாட்டிலைத் திறந்தால் நுரை பொங்கி மேசையெல்லாம் வழிகிறது, அடுத்ததைத் திறந்தால் சப்பென்று கிடக்கிறது. அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேர்க்கிறோம், பாட்டிலுக்குள் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்குகிறது. அதனால் சர்க்கரை என்றார்கள், ஈஸ்ட் என்றார்கள், மூடி என்றார்கள். எந்தப் பாட்டில் எந்த வரிசையில் நிரம்பியது, எந்தப் பெட்டியில் எங்கே இருந்தது என்று தெரியாதவரை இதெல்லாம் ஊகம்தான். ஆகவே நிரப்பும் வரிசையில் மூடி மேல் மார்க்கரால் எண், பக்கத்தில் பெட்டியின் எழுத்து, இவ்வளவுதான் ஏற்பாடு. இதற்குச் செலவே இல்லை.

எண் இருந்தால் கோளாறு தானே தன் முகவரியைச் சொல்லிவிடுகிறது. எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி அதிகமாகவோ குறைவாகவோ இருந்தால் அது கணக்குத் தவறு, கலக்குவதில் குற்றமில்லை. முதலில் நிரம்பியவை பொங்கி, கடைசியில் நிரம்பியவை சப்பென்று இருந்தால் சர்க்கரைப் பாகு சரியாகக் கலக்கவில்லை. ஒரு பெட்டி முழுக்க மந்தமாக இருந்து மற்றது நன்றாக இருந்தால் வைத்த இடத்தின் வெப்பநிலையைப் பாருங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டிருந்தால் அந்தந்தப் பாட்டிலின் சுத்தத்தையும் மூடியையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

நாங்கள் பார்த்தவரை முதலில் பொங்கிக் கடைசியில் சப்பென்று போகும் வகைதான் அதிகம். காரணம் எளிது. பாகு பீரைவிட அடர்த்தியானது, வாளியின் அடியில் போய்ப் படுத்துவிடும், குழாயும் அடியில்தான் இருக்கிறது, ஆகவே முதல் பாட்டில்களுக்கு இனிப்பு அதிகமாகப் போய்விடுகிறது. சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகவே தண்ணீர் விட்டு, 20 லிட்டருக்கு 300 முதல் 400 மில்லி வரை, சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். காலி வாளியில் முதலில் பாகை ஊற்றி, புளித்த பீரை இந்த வாளிக்கு இறக்கும் சைஃபன் குழாயின் முனையை அடியில் சுவரை ஒட்டி வளைத்து வைத்தால் பீர் சுழன்றுகொண்டே மேலேறும். அந்தச் சுழற்சி மட்டும் போதும் என்று சிலர் நம்புகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சுத்தம் செய்த நீளக் கரண்டியால் அடியிலிருந்து மேலாக, மேற்பரப்பு தளும்பாமல், மெதுவாகக் கலக்குங்கள், பாதி நிரப்பியதும் இன்னொரு முறை கலக்குங்கள். அவசரமாக அடித்துக் கலக்கினால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும், அப்புறம் சில வாரத்தில் பீரில் நனைந்த அட்டை வாசம்தான் மிஞ்சும்.

பாட்டிலுக்குப் பாட்டில் ஸ்பூனால் சர்க்கரை போடுவதை இன்னமும் விடாதவர்களுக்கு ஒரு கணக்கு. 330 மில்லி பாட்டிலுக்குத் தேவை சுமார் 2 கிராம். கை தவறி அரை கிராம் கூடினாலே கால் பங்கு அதிகம். வாளியில் மொத்தமாக 120 கிராம் போடும்போது அதே அரை கிராமை யாரும் உணரப் போவதில்லை. போதாக்குறைக்கு, உலர்ந்த சர்க்கரை பீரில் விழுந்ததும் கரைந்திருக்கும் வாயுவைக் கிளப்பி மூடுவதற்கு முன்பே நுரையாக வெளியே தள்ளும். பல அளவுப் பாட்டில்கள் கலந்து வைத்திருப்பவர்களுக்கு மொத்தமாகக் கலப்பதுதான் ஒரே வழி என்பேன்.

இனி அளவு. ஒரு லிட்டர் பீரில் எத்தனை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கிறது என்பதைத்தான் வால்யூம் என்கிறோம். 20 டிகிரி செல்சியஸில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கனவே சுமார் 0.85 வால்யூம் இருக்கும். சாதாரண ஏல் வகை பீருக்கு 2.4 வேண்டுமென்றால் மீதியைச் சர்க்கரைதான் தர வேண்டும். லிட்டருக்கு 4 கிராம் வெள்ளைச் சர்க்கரை ஏறத்தாழ ஒரு வால்யூம் தரும், ஆக 20 லிட்டருக்கு 120 கிராமை ஒட்டி வரும். கடைகளில் கிடைக்கும் டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் சர்க்கரை) பெரும்பாலும் கொஞ்சம் நீரும் சேர்ந்திருப்பதால் அதுவானால் 15 சதவீதம் போல் கூட்டிக்கொள்ளுங்கள். கப்பில் அளக்க வேண்டாம், தராசில் நிறுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். ஒன்று, 20 லிட்டர் தயாரித்தோம் என்று 20-க்கே கணக்குப் போடுவது. அடிவண்டலைக் கழித்தால் வாளிக்கு வந்து சேர்வது 18 ஆக இருக்கலாம். வாளியில் கோடு போட்டு வைத்து, உண்மையில் வந்த அளவுக்கே சர்க்கரை சேருங்கள். இன்னொன்று வெப்பநிலை. அடைப்பதற்கு முன் பீரை 4 டிகிரிக்குக் குளிரவைத்தவர்கள் அந்த 4-ஐயே கணக்கில் போட்டுவிடுகிறார்கள். நொதித்தல் முடிந்தபின் பீர் எட்டிய அதிகபட்ச வெப்பநிலையைப் போட வேண்டும், ஏனென்றால் அப்போது வெளியேறிய வாயு, பிறகு குளிரவைத்ததால் திரும்பி வந்துவிடாது.

பாதுகாப்பு பற்றி இங்கே அழுத்திச் சொல்கிறேன். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே அளவு காட்டாமல் யாரும் பாட்டிலில் அடைக்கக் கூடாது. அடைத்த பிறகு அடர்த்தி இன்னும் 0.002 இறங்கினாலே கிட்டத்தட்ட ஒரு வால்யூம் வாயு கூடிவிடும். கண்ணாடி வெடித்தால் கண்ணும் கையும் போகும். மெல்லிய கண்ணாடி, பீருக்கென்று செய்யாத பாட்டில், விளிம்பு உடைந்தது, கீறல் விழுந்தது எதையும் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நிரப்பி வையுங்கள். அதை அழுத்திப் பார்த்தாலே உள்ளே அழுத்தம் ஏறியிருப்பது தெரியும், திறக்கவே வேண்டாம்.

அங்கங்கே ஒன்றிரண்டு மட்டும் பொங்கினால் பெரும்பாலும் அடியில் காய்ந்துபோன பழைய வண்டல்தான், கிருமிநாசினி அதை ஊடுருவாது, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அங்கங்கே சப்பென்று இருந்தால் மூடி சரியாக இறுகவில்லை. கம்பிப் பூட்டு பாட்டில்களாக இருந்தால் ரப்பர் வளையம் வறண்டிருக்கும், மாற்றிவிடுங்கள்.

வைக்கும் இடம் 20 டிகிரியை ஒட்டி, இரண்டிலிருந்து மூன்று வாரம். தரையில் சுவரோரம் இருக்கும் பெட்டி மேலே இருப்பதைவிடக் குளிர்ச்சியாக இருந்து பின்தங்கும், நடுவில் ஒருமுறை இடம் மாற்றி அடுக்குங்கள். அப்புறம் திறப்பதற்கு முன் ஒன்றிரண்டு நாளாவது குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். காலையில் வைத்து மதியம் எடுத்த பாட்டிலை வைத்துத் தொகுதியையே குறை சொல்ல முடியாது, வாயு பீரில் நன்றாகக் கரைவதற்கு நேரம் பிடிக்கும். நெடுநாள் குளிரில் பதப்படுத்திய லாகர் வகை பீருக்கும் கனமான பீர்களுக்கும் அடைக்கும்போது கொஞ்சம் புது ஈஸ்ட் சேர்ப்பது நல்லது.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள் வருகின்றன. ருசிக் கூட்டத்துக்கு வரும் பாட்டில்களில் நிரப்பிய வரிசை எண் கட்டாயம் இருக்க வேண்டும், ஒவ்வொருவரும் தொடக்கத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, கடைசியிலிருந்து ஒன்று என்று கொண்டுவர வேண்டும். இரண்டாவது, ஒரு கிராம் துல்லியமுள்ள தராசும் குழாய் வைத்த வாளியும் சங்கச் செலவில் வாங்கி இரவல் தரவேண்டும். இரண்டையும் நான் மனதார ஆதரிக்கிறேன்.

மூடி இறுக்கும் கருவியைக் கொண்டுபோனவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தந்துவிடுங்கள், வரிசையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். இனி பொருளாளர் கணக்கு வாசிப்பார்.