கங்கோத்ரிச் சாலையின் தேவதாருக்களுக்காக ஒரு மடல்

கங்கோத்ரி நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்குப் பொறுப்பேற்றிருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். சென்ற யாத்திரைப் பருவத்தில் என் தாயாரை அழைத்துக்கொண்டு கங்கோத்ரிக்குப் போய்வந்தேன். வழியிலுள்ள ஹர்சில் என்ற மலையூரைத் தாண்டியபின் சாலையோரத்துத் தேவதாருக்கள் பலவற்றில் எண்கள் எழுதப்பட்டிருந்தன. அவை வெட்டுவதற்கான அடையாளம் என்று ஓட்டுநர் சொன்னதும், அதுவரை பஜனை பாடிக்கொண்டிருந்த வண்டியில் பேச்சு நின்றுபோனது. ஜாலாவுக்கும் கங்கோத்ரிக்கும் இடையே நிற்கும் அந்த மரங்களை வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

இந்தச் சாலையை இருவழியாக அகலப்படுத்த அனுமதித்து 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், எல்லைப் பாதுகாப்புக்குச் சாலை வேண்டும் என்ற வாதமும் தங்களுக்குத் தெரிந்தவையே. பாகீரதி பிறக்கும் கோமுகம் முதல் உத்தரகாசி வரையிலான பாகீரதிப் பள்ளத்தாக்கு 2012இல் சூழல் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டதையும் தாங்கள் அறிவீர்கள். அவற்றை மீண்டும் விவரிக்காமல், நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

போகும் வழியில், உத்தரகாசிக்குக் கீழே, விரிவாக்கத்துக்காகச் செங்குத்தாக வெட்டப்பட்ட ஒரு சரிவு எங்களுக்கு முன்னால் இடிந்து விழுந்தது. பதினொரு மணி நேரம் அங்கேயே நின்றோம். 74 வயதான என் தாயார், கால்கள் வீங்கி, கழிப்பிடம் போக வழியில்லாமல், தண்ணீர் குடித்தால் மறுபடி இறங்க வேண்டிவருமே என்று அஞ்சி, நாக்கு உலர உட்கார்ந்திருந்தார். இடிபாட்டை அள்ளிய இயந்திரத்தின் மேல் கற்கள் விழுந்தபடியே இருந்தன. மறுநாள் ஹர்சிலுக்கு மேலே சாலை குறுகலாகத்தான் இருந்தது; எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. ஆனால் இருபுறமும் தேவதாரு நின்ற அந்தப் பகுதியில் ஒரு கல்கூடச் சாலையில் விழுந்து கிடக்கவில்லை. அகலமான சாலையில் பதினொரு மணி நேரம் நின்ற நாங்கள், குறுகிய சாலையில் தடையில்லாமல் கோயிலை அடைந்தோம்.

அந்தச் சரிவுகள் முழுதும் பாறையல்ல. பனியாறுகள் விட்டுச்சென்ற மண்ணும் உருண்டைக் கற்களும் பல இடங்களில் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருப்பவை இம்மரங்களின் வேர்களே. 2025 ஆகஸ்ட் 5 அன்று ஹர்சிலுக்கு அருகிலுள்ள தராலியின் கடைவீதியைச் சில நொடிகளில் சேறும் பாறையும் மூடியதை நாடே பார்த்தது. அதற்கு மரம் வெட்டியதுதான் காரணம் என்று நான் கூறவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் மண் எவ்வளவு எளிதில் கீழே வந்துவிடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம் என்றே கூறுகிறேன்.

வெட்டிய மரத்துக்கு ஈடாக வேறிடத்தில் கன்று நடப்படும் என்றும், சிலவற்றைப் பெயர்த்து நடலாம் என்றும் சொல்லப்படுகிறது. தேவதாருவின் காய் முற்றுவதற்கே ஓராண்டுக்கு மேல் ஆகிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் 700 ஆண்டுக்கும் மேல் வாழ்ந்த ஒரு தேவதாருவின் குறுக்குவெட்டை வைத்திருக்கிறார்கள். அப்படி வளர்கிற மரத்துக்கு ஈடாக ஒரு நாற்றை, அதுவும் வேறொரு மலையில், கணக்குக் காட்டுவதை எப்படி ஏற்பது? இந்தச் சரிவைத் தாங்க இந்தச் சரிவில் நிற்கும் மரம்தானே வேண்டும்?

இதே ஹர்சிலில் 19ஆம் நூற்றாண்டில் வில்சன் என்ற ஆங்கிலேயர் அப்பகுதியை ஆண்ட தெஹ்ரி அரசரிடம் குத்தகை எடுத்து, தேவதாருக்களை வெட்டிப் பாகீரதியில் மிதக்கவிட்டு, ரயில் தண்டவாளக் கட்டைகளுக்காக விற்றார். அன்றைய ஆட்சியாளர்களுக்கு மலை ஒரு மரக்கிடங்கு. இன்று நம்முடைய அரசே, நம்முடைய பக்தியைக் காரணம் காட்டி, அதைத் தொடர வேண்டுமா?

யாத்திரிகர்களின் வசதிக்காக என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் படிக்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்களை யார் கேட்டார்கள்? கங்கோத்ரியில் செம்பில் அடைத்த தீர்த்தத்தை ராமேஸ்வரம் வரை கொண்டுபோய் அபிஷேகத்துக்குக் கொடுப்பவர்கள் நாங்கள். அவ்வளவு தூரம் வருகிறவர்களுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் காத்திருக்கத் தெரியும். தினமும் எத்தனை வண்டி என்று வரையறுங்கள். நேரம் பிரித்து ஒருவழியாக விடுங்கள். ஒதுங்கி நிற்கும் இடங்களை மரமில்லாத வளைவுகளில் அமையுங்கள். ராணுவ வாகனங்களுக்கு முதலிடம் கொடுங்கள், நாங்கள் நிற்கிறோம்.

கோபத்தில் ஏதேனும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கோரிக்கை ஒன்றுதான்: ஜாலா முதல் கங்கோத்ரி வரை எண்ணிடப்பட்ட தேவதாருக்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அடுத்த பருவம் தொடங்குமுன் அதற்கான ஆணையை எழுத்தில் வெளியிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து வந்துபோன ஒரு யாத்திரிகன்