ஹெட்மன் ஜூவ்கியெவ்ஸ்கிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஹெட்மன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மாஸ்கோ போரைப் பற்றி நீங்கள் எழுதிவைத்த குறிப்புகளில் 'நான்' என்ற சொல்லுக்கே இடம் இல்லை. 'ஹெட்மன் இப்படி உத்தரவிட்டார், ஹெட்மன் இதை விரும்பவில்லை' என்று வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலவே எழுதிக்கொண்டு போகிறீர்கள். அடக்கம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கென்னவோ அதில் கொஞ்சம் வக்கீல் புத்திதான் தெரிகிறது. சாட்சியும் கட்சிக்காரரும் ஒரே ஆள் என்பதைப் படிக்கிறவன் மறந்துவிட வேண்டும், இல்லையா? அதனால் நான் 'நீங்கள்' என்றே எழுதப் போகிறேன். உங்கள் கதையை உங்களிடமே சொல்கிறேனே என்று கோபிக்க வேண்டாம். ஹெட்மன் என்றால் போலந்துப் படைத்தலைவர் என்பதோ, ஸ்தானிஸ்லாவ் ஜூவ்கியெவ்ஸ்கி என்ற பெயரோ தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள்.

போலந்துக் குதிரைப்படை என்றால் இன்று எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்த இறக்கைகள்தான். ஹுஸ்ஸார் வீரர்கள் முதுகிலோ சேணத்திலோ கட்டிக்கொண்ட இறகுச் சட்டங்கள், நீண்ட ஈட்டிகள், மலையிலிருந்து இறங்கும் குதிரைக் கூட்டம். அந்தப் படையை உங்களைப்போல் நடத்தியவர்கள் குறைவு. ஆனால் உங்கள் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க என் கண் ஈட்டியை விட்டுவிட்டு உங்கள் பேச்சின் பக்கம் போய்விட்டது. சரணடைய வந்தவர்களுக்கு நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள், அது அப்புறம் என்ன ஆயிற்று? இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

1547இல் லிவிவ் பக்கத்தில் பிறந்தீர்கள். லத்தீன் படித்தீர்கள். உறவினரும் வழிகாட்டியுமான யான் ஸமோய்ஸ்கியின் நிழலில், மன்னர் ஸ்தெஃபான் பாத்தோரியின் போர்களில் தொழில் கற்றீர்கள். 1588 ஜனவரியில் பிச்சினாவில், போலந்து அரியணைக்குப் போட்டியிட்ட ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியனை ஸமோய்ஸ்கி தோற்கடித்தபோது உங்கள் முழங்காலில் அடிபட்டது. அன்றிலிருந்து கடைசிவரை நொண்டித்தான் நடந்தீர்கள். அதே ஆண்டு கள ஹெட்மன் பதவி வந்தது. படைத்தலைமையில் இரண்டாம் இடம். முதலிடமான பெரிய ஹெட்மன் பதவி ஸமோய்ஸ்கியிடம் இருந்தது.

இனி 1596. இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

செவெரின் நலிவைக்கோ தலைமையில், உக்ரைன் எல்லைப்புறப் போர்வீரர்களான கொசாக்குகள் கலகம் செய்தார்கள். நீங்கள் துரத்தினீர்கள். கடைசியில் லுப்னிக்குப் பக்கத்தில், சொலோனிட்சா ஆற்றங்கரையில் வண்டிகளை வளையமாகக் கட்டி உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் கூடவே இருந்தார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் முற்றுகை. வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு, பீரங்கி. தாங்க முடியாமல் தங்கள் தலைவனையே பிடித்து உங்களிடம் ஒப்படைத்தார்கள். ஆயுதங்களையும் ஒப்படைக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில், உங்கள் படை அவர்கள்மேல் பாய்ந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வெட்டப்பட்டார்கள். ஒரு மைலுக்கும் மேலே பிணத்தின்மேல் பிணமாகக் கிடந்தது என்று எழுதிவைத்தவர் கொசாக்கு இல்லை. உங்கள் பக்கத்துக் காலக்குறிப்பாளர். நலிவைக்கோவை வார்சாவுக்குக் கொண்டுபோய் அடுத்த ஆண்டு தலையை வெட்டினார்கள்.

உங்களுக்காகப் பேசுகிறவர்கள், படை ஹெட்மனின் கையை மீறிவிட்டது என்பார்கள். இருக்கலாம். படை கையை மீறினால் அதுவும் ஹெட்மனின் கணக்கில்தான் வரும்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் உங்கள் பெரிய வெற்றியான க்ளூஷினோ போருக்கு வருகிறேன். நடுவில் 1607இல் மன்னருக்கு எதிராகக் கிளம்பிய பிரபுக்களை குசூவில் தோற்கடித்தீர்கள். அதில் உங்களுக்குப் பெருமையும் இல்லை, விருப்பமும் இல்லை. விடுவோம்.

1609இல் மன்னர் மூன்றாம் சிகிஸ்மண்ட் ரஷ்யாவில் அரியணைக்கு ஆளாளுக்கு அடித்துக்கொண்ட குழப்பக் காலத்தைப் பயன்படுத்தி ஸ்மோலென்ஸ்க் கோட்டையை முற்றுகையிட்டார். இந்தப் படையெடுப்பே உங்களுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் போனீர்கள். 1610 கோடையில், முற்றுகையிலிருந்து கோட்டையை மீட்க ஜாரின் தம்பி திமித்ரி ஷுய்ஸ்கி பெரும்படையோடு வந்தார். ரஷ்யர்கள் சுமார் 30,000 பேர். அவர்களோடு யாகோப் டெ லா கார்டியின் கீழ் ஸ்வீடன் அனுப்பிய கூலிப்படை சுமார் 5,000 பேர். பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர், ஜெர்மானியர் என்று பல ஊர்க்காரர்கள். டெ லா கார்டி முன்பு ஒருமுறை உங்களிடம் கைதியாக இருந்தவர். அப்போது நீங்கள் அவருக்கு விலங்கு ரோமத்தோலால் ஆன ஒரு அங்கியைப் பரிசளித்திருந்தீர்கள். போருக்கு முந்தைய நாள், 'இந்த முறை ஹெட்மன் என்னிடம் சிக்குவார், அதைவிட உசத்தியான அங்கியை நான் அவருக்குப் போர்த்துகிறேன்' என்ற தோரணையில் அவர் பெருமை பேசியதை உங்கள் குறிப்பிலேயே படித்துச் சிரித்தேன். ஜெயித்தவர் எழுதும்போது இதையெல்லாம் விடமாட்டார்.

உங்களிடம் இருந்தவர்கள் 6,500 பேர் சொச்சம். வலூயெவ் என்ற ரஷ்யத் தளபதியை ட்ஸார்யோவோ-ஸய்மிஷ்சேயில் வளைத்து வைத்திருந்தீர்கள். அந்த வளையம் கலையாதபடி ஒரு பகுதியை அங்கேயே விட்டுவிட்டு, மற்றவர்களோடு ஜூலை 3ஆம் தேதி இரவு காட்டுவழியில் கிளம்பினீர்கள். பாதை மோசம். இரண்டே இரண்டு சிறு பீரங்கிகள். அவையும் வழியிலேயே மாட்டிக்கொண்டன. விடியலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தபோது எதிரி முகாம் தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் உங்கள் படை காட்டுக்குள் வால்போல் நீண்டு கிடந்ததால் உடனே பாய முடியவில்லை. எல்லோரும் வந்து சேர்வதற்குள் எதிரி விழித்துவிட்டான். நீங்களே ஊரைக் கொளுத்தி எழுப்பியும் விட்டீர்கள், அங்கே துப்பாக்கிக்காரர்கள் பதுங்கக் கூடாது என்று.

களத்தின் குறுக்கே ஒரு வேலி. குதிரைகள் நுழைய அங்கங்கே குறுகலான இடைவெளிகள்தான். ஒவ்வொரு முறையும் ஹுஸ்ஸார்கள் அந்தச் சந்து வழியாக நெருக்கியடித்துப் போய், மறுபுறம் சுட்டுக்கொண்டிருந்தவர்கள்மேல் விழுந்து, திரும்பி வந்து, மறுபடி அணிவகுக்க வேண்டும். அன்று அங்கே சண்டையிட்ட சாமுவேல் மாஸ்கியெவிச் தன் நாட்குறிப்பில், சில அணிகள் எட்டுப் பத்து முறை பாய்ந்ததாக எழுதுகிறார். ஈட்டிகள் ஒடிந்து, குதிரைகள் களைத்து, கையில் வாள் மட்டும் மிச்சம். எதிர்ப்பக்கக் குதிரைப்படை ஒரு வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போக, அடுத்த வரிசை முன்னால் வரும் முறையில் சண்டையிட வந்தது. அந்த மாற்றத்துக்கு நடுவில் உங்கள் ஆட்கள் புகுந்துவிட்டார்கள். ஓடத் தொடங்கியவர்கள் தங்கள் முகாமைத் தாண்டியும் நிற்கவில்லை. அந்த நேரத்துக்குத்தான் மாட்டிக்கொண்ட பீரங்கிகளும் சுமார் 200 காலாட்களும் வந்து சேர்ந்தார்கள். வேலியை உடைத்தது அவர்கள்தான். இறக்கை கட்டிய படங்களில் இந்த 200 பேரை யாரும் வரைவதில்லை.

கூலிப்படைக் காலாட்கள் இன்னும் காட்டோரம் உறுதியாக நின்றார்கள். சம்பளப் பாக்கி வேறு அவர்களுக்கு. இங்கேதான் நீங்கள் வாளை விட்டுப் பேச்சுக்கு வந்தீர்கள். விரும்பினால் என்னோடு சேரலாம். இல்லையென்றால் இனி ரஷ்யாவுக்காக எங்களோடு சண்டை போடமாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டுப் போகலாம். டெ லா கார்டியும் கைகொடுத்துவிட்டுப் போனார். போனவர்கள் முதுகில் ஒரு குண்டும் பாயவில்லை. லுப்னியில் நடந்ததும் இதுவும் ஒரே ஆளின் தலைமையில்தானா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். இங்கே எதிரில் நின்றவர்கள் மேற்கத்திய அதிகாரிகள். லுப்னியில் கலகக்கார கொசாக்குகளும் குடியானவர்களும். பதில் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். திமித்ரி ஷுய்ஸ்கியோ சேற்றில் குதிரையையும் காலணியையும் விட்டுவிட்டு, ஏதோ ஒரு குடியானவனின் மட்டக் குதிரையில் வெறுங்காலோடு மொஜாய்ஸ்க் போய்ச் சேர்ந்தார் என்று குறிப்பில் எழுதி, அவருக்கு ஒரு இடி கொடுக்கவும் நீங்கள் மறக்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் உங்கள் உண்மையான சாதனை. வலூயெவ் பேச்சுவார்த்தையில் வழிக்கு வந்தார். மாஸ்கோவில் ஜார் வஸீலி ஷுய்ஸ்கியைப் பிரபுக்களே இறக்கித் துறவி ஆக்கினார்கள். 1610 ஆகஸ்ட் 27ஆம் தேதி அவர்களோடு நீங்கள் ஒப்பந்தம் செய்தீர்கள். மன்னரின் மகன், 15 வயது விளாதிஸ்லாவ், ஜார் ஆவார். ரஷ்யர்களின் மதத்தில் கைவைக்கப்படாது. சிக்கலான கேள்விகளை மன்னரோடு பேசித் தீர்த்துக்கொள்ளத் தூதுக்குழு போகும். சில நாளில் மன்னரிடமிருந்து ஆள் வந்தது: மகன் வேண்டாம், நானே ஜார் ஆகிறேன். அந்தச் செய்தியை நீங்கள் வெளியே விடவில்லை. வெளியே விட்டிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். மறைத்ததால் ஒரு பொய்யின்மேல் மாஸ்கோவுக்குள் நுழைந்தீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். படையைக் கட்டுக்குள் வைத்தீர்கள். ஸ்த்ரெல்ட்சி எனப்படும் மாஸ்கோவின் துப்பாக்கிப் படையினருக்கு விருந்து வைத்து, பரிசு கொடுத்து, அவர்கள் மனதைப் பிடித்தீர்கள். அப்புறம் நகரத்தை உங்கள் பக்கத்துத் தளபதி கொசியெவ்ஸ்கியிடம் விட்டுவிட்டு, மன்னரை நேரில் பார்த்து மனம் மாற்றக் கிளம்பினீர்கள்.

மன்னர் மாறவில்லை. பேச வந்த ரஷ்யத் தூதர்களையே கைதிகளாக்கினார். அவர்களில் ஒருவர் பேராயர் ஃபிலாரெத். மாஸ்கோ 1611 மார்ச்சில் கிளர்ந்தெழுந்தது, எரிந்தது. கிரெம்ளினில் மாட்டிக்கொண்ட உங்கள் ஆட்கள் மனிதக் கறி தின்னும் நிலைக்குப் போய் 1612 நவம்பரில் சரணடைந்தார்கள். அடுத்த ஆண்டு ஜாராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மிகயில் ரொமானவ், அந்த ஃபிலாரெத்தின் மகன். அந்த விடுதலையின் நினைவாக நவம்பர் 4ஐ ரஷ்யா இன்றும் விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறது.

ஆனால் வார்சாவில் 1611 அக்டோபர் 29 அன்று விழா நடந்தது. கைதியான ஜாரையும் அவர் தம்பிகள் இருவரையும் நாடாளுமன்றத்தின் முன் நிறுத்தினீர்கள். வஸீலி குனிந்து, வலக்கையால் தரையைத் தொட்டு, அந்தக் கையை முத்தமிட்டார். திமித்ரி நெற்றியால் தரையைத் தொட்டார். கடைசித் தம்பி இவான் அழுதார். விதி எப்படியெல்லாம் புரளும் என்று பேசி, அவர்களிடம் கருணை காட்டச் சொல்லி நீங்கள் மன்னரைக் கேட்டீர்கள். மறு ஆண்டு கொஸ்தினின் கோட்டையில் வஸீலி கைதியாகவே செத்தார்.

ஸமோய்ஸ்கி இறந்தது 1605இல். அந்தப் பெரிய ஹெட்மன் பதவி உங்கள் கைக்கு வந்தது 1618இல். பதின்மூன்று வருடம் அந்த நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார் சிகிஸ்மண்ட். உங்களைப்போல் எதிர்த்துப் பேசுகிறவருக்கு நம் ஊர் அலுவலகங்களிலும் இதே கதிதான்.

பதவி வந்த இரண்டே ஆண்டில், துருக்கியருக்கு அடங்கிய மால்டேவியா நாட்டுக்குள் படையோடு போனீர்கள். அதன் ஆட்சியாளர் கிராசியானி 25,000 பேரோடு சேர்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டுச் சில நூறு பேரோடு வந்தார். புரூட் ஆற்றங்கரை ட்செட்சோராவில், 1620 செப்டம்பரில், இஸ்கெந்தர் பாஷாவின் துருக்கியரிடமும் தாத்தார்களிடமும் தோற்றீர்கள். அன்றிரவு பீதி பரவி, பலர் ஆற்றில் இறங்கி ஓடினார்கள். முகாம் வேலையாட்கள் சொந்தப் பிரபுக்களின் கூடாரங்களையே சூறையாடினார்கள். மிச்சமிருந்தவர்களை வண்டிக் கோட்டைக்குள் வைத்து, எரிந்த புல்வெளி வழியாக, சண்டை போட்டுக்கொண்டே எட்டு நாள் நகர்த்திக்கொண்டு வந்தீர்கள். 73 வயதில், அந்தக் காலோடு. ராணுவ வேலையாகப் பார்த்தால் க்ளூஷினோவைவிட இதுவே கடினம் என்பேன்.

டினீஸ்டர் ஆறு பக்கத்தில் வந்துவிட்டது. அதுதான் எல்லை. கரையேறியதும் சூறையாடியவர்களுக்குத் தண்டனை நிச்சயம் என்ற பேச்சு வேலையாட்களிடம் பரவியது. மன்னிப்பு உண்டு என்று சொன்னதை அவர்கள் நம்பத் தயாராக இல்லை. அக்டோபர் 6 இரவு வண்டிக் குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள்; கோட்டை உடைந்தது; தாத்தார்கள் புகுந்தார்கள். தப்பி ஓடமாட்டேன் என்று காட்ட உங்கள் குதிரையை நீங்களே குத்திக் கொன்றீர்கள் என்று சொல்வார்கள். மறுநாள் கிடைத்த உடலில் தலை இல்லை. அது கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய்விட்டது. உங்கள் மனைவி ரெகினா பணம் கொடுத்து அதை மீட்டார்.

பின்னாளில் போலந்து மன்னரான யான் சோபியெஸ்கி, உங்கள் பேத்தியின் மகன். 1683இல் வியன்னாவில் துருக்கியரைத் தோற்கடித்தார். அதே ட்செட்சோராவில் கைதியான ஒரு கொசாக்கு இளைஞர், போஹ்தான் க்மெல்னிட்ஸ்கி, 1648இல் கிளப்பிய புரட்சியிலிருந்து உங்கள் போலந்து-லிதுவேனியக் கூட்டரசு பழையபடி எழுந்திருக்கவே இல்லை. போலந்துப் பாடப்புத்தகங்கள் முதலாமவரை உங்களோடு சேர்த்துச் சொல்லும். இரண்டாமவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் உருவாக்கிய ஊர் இன்று உக்ரைனில், ஜோவ்க்வா என்ற பெயரில் இருக்கிறது. 1951இலிருந்து 1992வரை சோவியத்காரர்கள் அதற்கு நெஸ்தெரோவ் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1914இல் அங்கே எதிரி விமானத்தின்மேல் தன் விமானத்தை மோதி இறந்த ரஷ்ய விமானியின் பெயர். உங்கள் கோட்டையும் நீங்கள் அடக்கமான தேவாலயமும் இன்னும் நிற்கின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரம் தெற்கே லிவிவ். அந்த நகரத்தின் நடுப்பகுதியில் ஒரு தெருவுக்கு நலிவைக்கோ பெயரை வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் குறிப்புகளைப் படித்த ஒரு வாசகன்