வளைவுக்கு முன் ஒரு வார்த்தை

காட்பாடி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நிதியாண்டு முடிகிற நேரத்தில் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருப்பவன் சொந்தக் கடிதம் எழுத உட்காருவது நடக்கிற காரியமில்லை. கொடுத்த பணத்தைச் செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டு அரசு எழுதுகிறது. அது போகாவிட்டால் அடுத்த தவணை வராது. பொறியாளர் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும், நிதி அலுவலர் பொறியாளரைக் கேட்க வேண்டும், இருவரும் என்னைக் கேட்கிறார்கள்.

தங்கைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. இந்த ஊர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் செட் படித்து முடித்து முப்பது ஆண்டு ஆவதை ஒட்டி, எல்லோரும் சேர்ந்து நாற்பது லட்சம் ரூபாய் திரட்டி, வளாக வாசலில் ஒரு வளைவு கட்டிக் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறீர்கள். மேலே கலசம், கீழே கல்வெட்டு, அதில் எல்லோருடைய பெயரும். அலுவலகத்தில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் சொன்னால், வேண்டாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் நீ விடமாட்டாய் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பிரிவுக்கு வளர்ச்சிப் பிரிவு என்று பெயர்ப் பலகை இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள், புதுக் கட்டடம் கட்டுவதும் பணம் கேட்டு ஊர் சுற்றுவதும்தான் எங்கள் வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாதி நாள் காகிதம்தான். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாத் துறைகளிடமும் தேவைப் பட்டியல் கேட்போம். ஒரு துறை ஆய்வகம் கேட்கும், ஒரு துறை குளிரூட்டி கேட்கும், விடுதிக் காப்பாளர் தண்ணீர்த் தொட்டி கேட்பார். இருக்கிற பணம் பட்டியலில் கால் பங்குக்குக்கூடப் போதாது. எதை முன்னால் வைப்பது என்பதில் தொடங்கும் சண்டை நிதிக்குழு வரை போகும். நிதிக்குழு ஒப்புக்கொண்டதை ஆட்சிக்குழு ஏற்க வேண்டும். பிறகு பொதுப்பணித்துறை விலைப்பட்டியலை வைத்து மதிப்பீடு, 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிச் சட்டப்படி விளம்பரம், நகர் ஊரமைப்பு அனுமதி, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. வேலை நடக்கும்போது ஒவ்வொரு அளவும் அளவுப் புத்தகத்தில் ஏற வேண்டும். எல்லாம் முடிந்த பின்னும் தணிக்கைக்காரர்கள் வந்து, மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரை ஏன் மதிப்பீட்டைவிட நீளமாகக் கட்டினீர்கள் என்று கேட்பார்கள். நன்கொடையாளர் பணத்தில் கட்டினாலும் இந்தச் சடங்கு பெரும்பாலும் மாறாது. கட்டடம் நம் நிலத்தில் நிற்கிறதல்லவா?

இதையெல்லாம் அலுப்பில் எழுதவில்லை. இந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் இத்தனை ஆண்டில் ஒன்றைக் கண்டுகொண்டேன்: கட்டுவதற்குப் பணம் கிடைக்கும், கட்டியதைக் காப்பதற்குக் கிடைக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார். ஒரு கோடி ரூபாயில் ஒரு கட்டடம். வெள்ளை அடிப்பது, கூரை ஒழுகலை அடைப்பது, மோட்டார், மின்கம்பி, கழிப்பறைக் குழாய், கூட்டிப் பெருக்கும் ஆள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு சதவீதம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சம். ஏழு சதவீத வட்டியில் அந்த இரண்டு லட்சம் வர வேண்டுமானால் வங்கியில் ஏறத்தாழ 29 லட்சம் கிடக்க வேண்டும். அதுவும் விலைவாசி ஏறாமல் அப்படியே நின்றால். ஆக, ஒரு கோடி கொடுப்பவர் இன்னொரு 29 லட்சத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது முழு நன்கொடை. அப்படிக் கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. திறப்பு விழாவுக்குத் துணைவேந்தர் வருவார், ரிப்பன் வெட்டுவார், சால்வை போடுவார். ஐந்தாவது ஆண்டு அதே கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும்போது அதற்கு விழா எடுக்க யாரும் வரமாட்டார்கள். எங்கள் வளாகத்தில் ஒரு அரங்கம் இருக்கிறது. கொடுத்தவர் பெயரை வெளியே தங்க எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். உள்ளே மழை நாளில் மேடையின் இடப்பக்கம் வாளி வைக்கிறோம்.

பெயர் பொறிப்பதை நான் கேலி செய்கிறேன் என்று நினைக்காதே. நம் ஊரின் கல்வியும் மருத்துவமும் பெயர் வைத்த நன்கொடையில் வளர்ந்தவை. நாம் தினமும் ஊரீஸ் கல்லூரி என்கிறோமே, அது வூர்ஹீஸ் என்ற அமெரிக்க நன்கொடையாளர் குடும்பத்தின் பெயர். அமெரிக்காவிலிருந்து வேலூருக்கு மருத்துவம் பார்க்க வந்த டாக்டர் ஐடா ஸ்கடருக்கு முதல் மருத்துவமனை கட்டப் பணம் கொடுத்தவர் ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர். இறந்துபோன மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் தந்தார். 1902இல் திறந்த மருத்துவமனைக்கு அந்த அம்மாள் பெயர்தான். ஆனால் அந்தக் கட்டடத்தோடு ஐடா அம்மையார் நின்றிருந்தால் இன்றைக்கு சி.எம்.சி. என்கிற வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி என்ற ஒன்று இருந்திருக்காது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய பிறகு, அமெரிக்கப் பெண்கள் 1920களின் தொடக்கத்தில் வேலூரையும் சேர்த்து ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக நிதி திரட்டினார்கள். ராக்பெல்லர் குடும்பத்தின் நினைவு நிதி போட்ட நிபந்தனையைக் கேள்: நீங்கள் இருபது லட்சம் டாலர் சேர்த்தால் நாங்கள் பத்து லட்சம் தருகிறோம். சேர்த்துக் காட்டினார்கள். அந்த நிபந்தனை உத்தியை நாங்கள் இன்றும் கையாள்கிறோம். ஒருவர் பெரிய தொகை தர வந்தால், "உங்கள் செட்காரர்கள் இவ்வளவு சேர்த்த பிறகு கொடுங்கள்" என்று சொல்லிப் பார்ப்போம். நூறு பேர் ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்தால், அந்த நூறு பேரும் அடுத்த ஆண்டு கணக்குக் கேட்க வருவார்கள். அது நிர்வாகத்துக்குத் தொல்லைதான், வளாகத்துக்கு நல்லது.

தோல் வியாபாரிகளின் நன்கொடைகளையும் மறந்துவிடக் கூடாது. வாணியம்பாடி இசுலாமியா கல்லூரி 1919இல் வந்தது. மேல்விசாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் 1965இல் கல்லூரி வந்தது. வட ஆற்காட்டில் பெரிய மனிதர் என்றால் ஒரு பள்ளிக்கூடமோ கல்லூரியோ அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே ஊறியிருந்தது. வெளியிலிருந்து அறிவுரை சொல்ல வருகிற நிதி திரட்டல் வல்லுநர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு வரலாம்.

இப்போது பதக்கக் கதையைக் கேள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பலர் பத்தாயிரம், ஐயாயிரம் என்று அறக்கட்டளை வைத்தார்கள். வட்டியில் ஆண்டுதோறும் முதல் மாணவருக்குத் தங்கப் பதக்கம். அன்றைக்கு அது சரியாக இருந்தது. இன்றைக்குப் பத்தாயிரத்துக்கு வட்டி எழுநூறு ரூபாய் வருகிறது. அதில் தங்கம் எங்கே வாங்குவது? முலாம் பூசிய பதக்கத்துக்கும் பெட்டிக்குமே போதவில்லை. கொடுத்தவரின் பேரப்பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினால் பாதிக் கடிதம் விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வருகிறது. நல்ல மனதோடு கொடுத்த பணம்தான். வட்டியில் ஒரு பங்கை மூலநிதியோடு மீண்டும் சேர்க்க வேண்டும் என்று ஒரு வாசகத்தை அன்றைக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் இந்த நிலை இவ்வளவு மோசமாக இருக்காது.

உங்கள் பணம் எப்படி வரும் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள். நம் செட்டில் பாதிப் பேர் நியூஜெர்சியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டு நகல் மட்டும் கேட்போம். குடியுரிமை மாறிவிட்டவர்கள் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க, வாங்கும் அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரும். பதிவு உள்ள வேறொரு அமைப்பிடம் வாங்கிப் பிறகு முன்னாள் மாணவர் சங்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. உள்ளூரில் இருப்பவர்களிடம் வருமான வரி நிரந்தரக் கணக்கு எண்ணை (பான்) தவறாமல் வாங்கு. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை. இதைச் சொல்லாமல் வாங்கிவிட்டு ஜூன் மாதம் திட்டு வாங்குவது எங்கள் எழுத்தர்தான், பாவம்.

நம் நண்பன் இராணிப்பேட்டைத் தொழிற்சாலையில் பெரிய பதவியில் இருப்பதால் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியும் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். கிடைக்கலாம். சட்டத்தின் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதம் செலவழிக்க வேண்டும். தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்கிறது. ஆனால் அவர்கள் வருவது பெரும்பாலும் பிப்ரவரியில். மார்ச் 31க்குள் முடித்து நிழற்படம் தர முடியுமா என்பார்கள். ஆறு வாரத்தில் முடிகிற வேலை என்றால் மேசை நாற்காலிதான். இதனாலேயே தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் நாற்காலி மிகுதியாகவும் ஆய்வக உதவியாளர் குறைவாகவும் இருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஜூன், ஜூலையிலேயே போய்ப் பேசச் சொல்.

சரி, நாற்பது லட்சத்தை என்ன செய்யலாம்? நான் நினைப்பது இது. நாம் படித்த துறைக் கட்டடம் இன்னும் உறுதியாகத்தான் நிற்கிறது. தளத்தில் ஓடு பதித்து ஒழுகலை நிறுத்த வேண்டும். பெண்கள் கழிப்பறை, நாம் படித்தபோது இருபது மாணவிகளுக்குக் கட்டியது; இப்போது வகுப்பில் முக்கால்வாசி பெண்கள். மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்கிறது, கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் குழுவும் கேட்கிறது, சக்கர நாற்காலியில் வருகிற மாணவன் வாய் திறந்து கேட்பதே இல்லை. மழைநீர் சேகரிப்புக் குழிகள் 2003இல் அவசரத்தில் வெட்டியவை, எல்லாம் தூர்ந்து கிடக்கின்றன. இவற்றுக்கு 15 லட்சம் போதும் என்று எங்கள் பொறியாளர் சொல்கிறார். மீதி 25 லட்சத்தை மூலநிதியாக, அதன் வட்டி அந்தக் கட்டடத்தின் பராமரிப்புக்கு மட்டும் என்று எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுங்கள். வட்டியில் நான்கில் ஒரு பங்கு அசலோடு சேரட்டும். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கை உங்கள் செட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதுங்கள். ஒப்பந்த வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்; ஆனால் பதிவாளர் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் பக்கத்து வழக்கறிஞரிடமும் காட்டு. கொடுப்பவர் பக்கத்தில் நான் உட்கார முடியாது.

கல்வெட்டும் வைக்கலாம். கழிப்பறைக்குப் பக்கத்தில் பெயர் வேண்டாம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். படிக்கட்டு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவைப் பற்றி இன்னொரு செய்தி, உன் காதோடு. வாசல் சாலையை அகலப்படுத்தும் பேச்சு வெகுநாளாக நடக்கிறது. நடந்தால் முதலில் இடிபடுவது வளைவாகத்தான் இருக்கும். இடித்தால் இழப்பீடு சர்க்காரிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும், உங்களுக்கு வராது.

ஏப்ரல் முதல் வாரத்தில் வருவதாக எழுதியிருக்கிறாய். வந்தால் பொறியாளரையும் அழைத்துக்கொண்டு மொட்டை மாடி வரை ஏறிப் பார்த்துவிடலாம். காலை எட்டு மணிக்கு முன்னால் வா, அதற்குப் பிறகு தளத்தில் கால் வைக்க முடியாது. மதியம் வீட்டில் சாப்பாடு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் உனக்காகக் கொத்சு செய்வதாக வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

செட்டின் பெயர்ப் பட்டியலை அனுப்பும்போது யார் எந்த நாட்டுக் குடிமகன் என்பதையும் பக்கத்தில் குறித்து அனுப்பு. இதையெல்லாம் படித்த பிறகும் வளைவுதான் வேண்டும் என்று கூட்டம் ஒரே பிடியாக நின்றால் தயங்காமல் எழுது, மண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்கிறேன். கல்வெட்டில் மட்டும் என் பெயரை விட்டுவிடு.

உன்,
குமரேசன்