சீட்டுப் பணத்தைத் தொடுவதற்கு முன்

வால்பாறை
பிப்ரவரி 9

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். பெரியவளின் பரீட்சை, பள்ளி ஆண்டு விழா என்று நாள் ஓடிவிட்டது.

இந்த மாதம் உனக்குச் சீட்டு விழுகிறது என்று தங்கம் அக்கா சொன்னார்கள். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். அந்தப் பணத்தில், பறவைகளைப் படம் எடுக்க நான் போனில் சொன்ன டிஎஸ்எல்ஆரை, அதுதான் லென்ஸை மாற்றி மாட்டும் கேமராவை, வாங்கிவிடாதே! இந்தக் காட்டுக்குப் பொருந்துவதை உன் ஏரிக்குச் சொல்லிவிட்டேன்.

போன வாரம்தான் அது உறைத்தது. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ரோட்டோரத்து அத்தி மரத்தில் ஆண் இருவாச்சிப் பறவை ஒன்று வந்து உட்கார்ந்தது. இறக்கைச் சத்தத்தை முதலில் கேட்டபோது ஏதோ வண்டி வருகிறது என்றே நினைத்தேன். இருபது மீட்டர் தூரம்தான். பொந்துக்குள் அடைந்திருக்கும் பெண்ணுக்காகத் தொண்டை புடைக்கப் பழம் சேர்த்துக்கொண்டிருந்தது. என் நிக்கான் பி900-ல், லென்ஸ் மாற்ற முடியாத அந்த சூப்பர் ஜூம் கேமராவில், எடுத்த படங்களில் இறகெல்லாம் தண்ணீர் பட்ட ஓவியம் போலக் குழைந்துபோய்விட்டது. கூட வந்த டீச்சர் கேனான் 1500டி டிஎஸ்எல்ஆரில் தூரத்தை இழுக்கும் 55-250 லென்ஸ் மாட்டி எடுத்தார். அதில் சிவப்புக் கண்ணும் கண்ணிமை மயிரும் தனித்தனியாகத் தெரிகின்றன. அழுகையே வந்துவிட்டது.

காரணம் சென்சார், கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு. என்னுடையது சுமார் 6 மில்லிமீட்டருக்கு 4.5, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அவருடையது 22-க்கு 15, பரப்பில் 12 மடங்கு. மரத்தடி இருட்டில் அந்த வித்தியாசம்தான் பேசும். அதனால் எனக்கு டிஎஸ்எல்ஆர்தான். ஜூன் பிறந்தால் இங்கே லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், அதற்கு மூடி இறுகிய டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.

ஆனால் நீ இருப்பது சூலூர்பேட்டையில். ஸ்ரீஹரிகோட்டா ரோட்டில் நின்று பார்த்தால் பழவேற்காடு ஏரியின் பூநாரைகள் எவ்வளவு தூரத்தில் நிற்கும், உனக்கே தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 மீட்டரில் நிற்கும் நாலடிப் பூநாரை, டிஎஸ்எல்ஆரோடு சேர்த்துத் தரும் கிட் லென்ஸான 18-55-ல் ஒரு புள்ளி. 55-250 லென்ஸை முழுக்க நீட்டினாலும் படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான். அந்த லென்ஸுக்கும் தனியாகப் பணம் வேண்டும். 83 மடங்கு ஜூம் உள்ள சூப்பர் ஜூமிலோ பாதிப் படத்துக்கு வந்து நிற்கும். வெட்டவெளி, நல்ல வெயில், அதற்குச் சின்ன சென்சார் போதும். நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தில் கூடு கட்டும் கூழைக்கடாக்களுக்கும் அதே பேச்சுத்தான்.

வாங்குவதானால் அந்த 83 மடங்கு ஜூம் உள்ள நிக்கான் பி950-ஐப் பார். பிறகு திருத்த வசதியாக, சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா ஃபைல் என் பி900-ல் கிடையாது, அதில் உண்டு. கடைக்காரர் மெகாபிக்ஸலைக் காட்டிப் பேசினால் காதில் வாங்காதே. ஒரு கிலோ கனம், அதனால் முழு ஜூமில் வைக்கும்போது பைக் சீட்டிலோ பாலத்துச் சுவரிலோ முட்டுக்கொடு. காலை எட்டு மணிக்குள் எடுத்து முடி. அதற்கு மேல் தண்ணீருக்கு மேலே கானல் ஆடும், எந்தக் கேமராவாலும் அதைத் தாண்ட முடியாது.

டிஎஸ்எல்ஆரை ஏற்கெனவே வாங்கிவிட்டாய் என்றால் ஒளிக்காமல் சொல், அதை உன்னிடமிருந்து நான் வாங்கிக்கொள்கிறேன். என் பி900-ஐ உனக்கு அனுப்பி, மீதிப் பணத்தையும் தருகிறேன்.

பூநாரைகள் கிளம்புவதற்குள் ஒரு படமாவது வந்து சேரவேண்டும். ரோல் தீர்ந்துபோச்சு என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது, ஆமாம்.

அன்புடன்,
மல்லிகா